சுவர்த்தோட்டத்துப் பன்னங்கள்: பெயரறிந்து நடுக, பெருக்கி நடுக

நிலம் சுருங்கச் சுருங்கத் தோட்டம் சுவரில் ஏறத் தொடங்கியுள்ளது. கொழும்பிலும் கண்டியிலும் மட்டுமன்றி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய நகரங்களிலும் முற்றமில்லாத வீடுகள் பெருகிவிட்டன. இராசகிரியவிலே 46 மாடிகளைக் கொண்ட குடியிருப்பொன்று மாடந்தோறும் செடிகளைத் தாங்கி நிற்கிறது. அத்துணைப் பெருமுயற்சி நமக்கு வேண்டியதில்லை. குளியலறைக்குப் பின்புறத்துச் சுவர், கிணற்றடி மதில், மாடிப்படியின் பக்கச்சுவர் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாற் போதும். ஒரு சிறு நிலைக்குத்துத் தோட்டத்தை எவரும் அமைக்கலாம். அவ்வாறான நிழற்சுவருக்கு ஏற்ற செடி யாதெனின், பன்னமே என்று தயங்காது கூறலாம். பூவின்றியே அழகு தருவதும், குறைந்த ஒளியிற் செழிப்பதும், சிறிதளவு ஊடகத்தில் வேரூன்றி வாழ்வதும் அதன் இயல்புகள்.

எனினும், அண்மைக் காலத்தில் அமைக்கப்பட்ட பன்னச் சுவர்கள் பலவற்றை நோக்குமிடத்து மகிழ்ச்சியினும் கவலையே மிகுகின்றது. முதல் மாரியிற் பசுமையாய் விளங்கிய சுவர் அடுத்த கோடையில் பழுப்பேறி, அதற்கடுத்த மாரியிற் புதிதாக நடப்படுகிறது. இவ்வாறு ஆண்டுதோறும் நடப்படும் செடிகளுட் சில நாற்றுமேடையில் வளர்ந்தவையல்ல. மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் காட்டு மரங்களிலும் இருந்து பிடுங்கப்பட்டவை. சுவர் பாழாவதற்கும் காடு வெறுமையாவதற்கும் காரணம் ஒன்றே என்பது எமது கருத்து. நாம் நடும் பன்னத்தின் பெயரை அறிவதில்லை. பெயரை அறியாமையால் அதன் இயல்பையும், அதனைப் பெருக்கும் வகையையும் அறிவதில்லை. இவ்வறியாமை நீங்கினால் இரண்டு கேடுகளும் ஒருங்கே நீங்கும்.

பெயர் தவறியதால் நேர்ந்த கேடு

செடியொன்றின் பெயரை அறிவதால் ஆகும் பயன் என்ன என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடையளிக்க நம் நாட்டு வயல்களே போதும். சல்வீனியா என்னும் மிதக்குங் களையை அறியாத கமக்காரர் இலர். அதுவும் ஒரு பன்னமே என்பதைப் பலர் அறியார். 1939 ஆம் ஆண்டளவில் தாவரவியற் கல்விக்கென இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அச்சிறு செடி, சில ஆண்டுகளுள் வாய்க்கால்களையும் குளங்களையும் நெல்வயல்களையும் மூடிப் பரந்தது. துண்டு துண்டாய் முறிந்த ஒவ்வொரு பகுதியும் புதுச்செடியாய் வளர்ந்தமையால், கையால் அள்ளியும் வலையால் இழுத்தும் அதனை ஒழிக்க இயலவில்லை.

அக்காலத்தில் அதனைத் தென்னமெரிக்காவிற்குரிய சல்வீனியா ஓரிக்குலாற்றா என்னும் இனமென அறிஞர் கருதினர். அப்பெயரை நம்பி, அவ்வினத்தை உண்ணும் மூக்கு வண்டைத் தேடி வேறு நாடுகளில் விட்டனர், களை அழியவில்லை. 1972 ஆம் ஆண்டிலேயே அது தனியான ஓர் இனமெனத் தெளியப்பட்டு, சல்வீனியா மொலெஸ்ற்றா எனப் பெயர் பெற்றது. 1978 இல் அதன் தாயகம் பிரேசில் நாட்டின் தென்கிழக்குப் பகுதியெனக் கண்டனர். அங்கே அதன்மீது வாழ்ந்த சிறு வண்டை 1980 இல் அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் விட்டபொழுது, ஈராண்டு முடியுமுன் ஏரி தெளிந்தது. அவ்வண்டும் முன்னர் விடப்பட்டதினின்று வேறானதென்பதும், அதுவரை பெயரிடப்படாத இனமென்பதும் பின்னரே தெரியவந்தன. 1986 இல் அவ்வண்டு இலங்கையிலும் விடப்பட்டு நற்பயன் அளித்தது.

ஒரு பன்னத்தின் பெயர் பிழைத்தமையால் பல ஆண்டுகள் வீணாயின. பெயர் திருந்தியபின் சில மாதங்களிலே பயன் கிட்டியது. வயலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை வீட்டுச் சுவருக்கும் பொருந்தும்.

பன்னம் எது, பன்னமல்லாதது எது

பன்னம் பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதை தருவதில்லை. இலையின் அடிப்புறத்தே உண்டாகும் நுண்ணிய வித்திகளால் அது இனம்பெருக்கும். இளம் இலை கடிகாரச் சுருளைப்போலச் சுருண்டு தோன்றி மெல்ல விரியும். இவ்விரு குறிகளையும் கொண்டு பன்னத்தைப் பிற செடிகளினின்று வேறுபடுத்தலாம்.

சந்தையிலே பன்னமென விற்கப்படும் யாவும் பன்னமல்ல. நூல்போன்ற மெல்லிய தழையுடைய அஸ்பரகஸ் செடியைப் பூச்செண்டு கட்டுவோர் பன்னமென்றே வழங்குவர். அது சிறு பூப்பூத்துக் கனி தரும் செடி. நம் மருத்துவர் பயன்படுத்தும் சாத்தாவாரிக்கு உறவானது. முட்களும் தடித்த வேர்களும் உடையது. அதனைப் பன்னத்தோடு ஒரே பையில் நட்டால், அதன் வேர்கள் பையை நிரப்பிப் பன்னத்தை நெருக்கிவிடும். நீலப்பச்சை நிறங்காட்டும் செலாகினெல்லாவும் வித்திகளால் இனம்பெருக்குவதேயாயினும் மெய்யான பன்னமன்று. எனினும், ஈரமான அடிவரிசைக்கு அது நன்கு பொருந்தும்.

இங்கே எமது அனுபவமொன்றைக் கூறுதல் தகும். ஒரு வீட்டுக்காரர் தம் பன்னங்களின் இலைகளின் கீழே பழுப்பு நிறப் பூச்சிகள் மொய்த்துள்ளனவென்று கூறி, மும்முறை பூச்சிகொல்லி தெளித்தபின் எம்மை அழைத்தார். சென்று பார்த்தபொழுது, அவர் பூச்சியெனக் கருதியவை வித்திக்குவைகளே எனக் கண்டோம். மருந்தினாற் கருகிய இலைகளையன்றி வேறு நோய் எதுவும் அங்கில்லை. வித்திக்குவைகள் ஒழுங்கான வரிசையில், நரம்பின் இருமருங்கும் ஒரே அளவினவாய் அமைந்திருக்கும். செதிற்பூச்சிகளோ ஒழுங்கின்றி இலையிலும் காம்பிலும் சிதறியிருக்கும். நகத்தால் நெம்பினால் முழுதாய்ப் பெயரும். அவை சுரக்கும் பிசுபிசுப்பை நாடி எறும்புகள் வரும். இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால் அவருடைய செடிகளும் பணமும் தப்பியிருக்கும்.

இனங்காணும் முறை

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையொன்று இருத்தல் நன்று. அதனைக் கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

ஒன்று: இலை முழுமையானதா, ஒருமுறை பிரிந்ததா, பன்முறை பிரிந்ததா?

இரண்டு: வேர்த்தண்டுக்கிழங்கு நிமிர்ந்து நின்று இலைகளை வட்டமாய்த் தருகின்றதா, அன்றி ஊர்ந்து சென்று இடையிட்டு இலைவிடுகின்றதா?

மூன்று: கிழங்கும் காம்பும் செதிலுடையனவா, மயிருடையனவா, வழுவழுப்பானவையா?

நான்கு: வித்திக்குவைகள் எங்கே உள்ளன? வட்டமானவையா, நீண்ட கோடுகளா, இலையின் ஓரத்தே அமைந்தவையா?

ஐந்து: குவைகளின்மேல் மெல்லிய மூடி உண்டா? உண்டெனின் அதன் வடிவம் யாது?

இவ்வைந்துக்கும் விடை எழுதி, வித்தி தாங்கிய ஓரிலையைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி வைத்துக்கொண்டால், அறிந்தோரிடம் காட்டிப் பெயர் தெளிதல் எளிது. வெறும் நிழற்படத்தைக் காட்டிப் பெயர் கேட்போர் இலையின் மேற்புறத்தையே படம்பிடிக்கின்றனர். பன்னத்தின் முகவரி அதன் முதுகிலே எழுதப்பட்டிருக்கின்றது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவிலும், 1861 இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவிலும் பன்னங்களுக்கெனத் தனியிடங்கள் உள்ளன. ஒருநாள் அங்கே சென்று செடிகளைக் கண்ணாற் கண்டு பழகுதல், பல நாள் நூல் கற்பதற்கு ஒப்பாகும்.

சுவருக்குரிய பன்னங்களும் அவற்றின் இடமும்

நிலைக்குத்துத் தோட்டத்தின் இயல்பு ஒன்றை முதலில் அறிய வேண்டும். ஊற்றும் நீர் கீழ்நோக்கி வடிவதால் மேல்வரிசை விரைவில் உலரும்; அடிவரிசை எப்போதும் ஈரமாயிருக்கும். காற்றும் வெயிலும் மேலேயே மிகுதி. ஆகவே ஒரே சுவரில் மூவகை நிலங்கள் உள்ளனவென்று கொள்ளலாம். எல்லாப் பன்னங்களையும் ஒன்றெனக் கருதி நடுவோரின் சுவர் பழுதாவது இதனாலேயே. பெயரறிந்து நடுவோர் ஒவ்வொன்றையும் அதற்குரிய வரிசையில் வைப்பர்.

மேல்வரிசைக்கு வறட்சி தாங்குவன வேண்டும். மரங்களிலும் பாறைகளிலும் தாமாக வளரும் டிரைனாரியா குவெர்சிபோலியா அவற்றுள் முதன்மையானது. பழுப்பு நிறமான, காய்ந்த இலைபோன்ற சிறு இலைகள் கிழங்கைத் தழுவிச் சருகுகளைச் சேர்த்து வைக்கும். நீண்டு பிரிந்த பச்சையிலைகள் அவற்றுக்கு மேலாக எழும். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் எனும் பெயரால் விற்கப்படும் கிழங்கு இதனுடையதே. பழுப்பிலைகளைக் காய்ந்தனவென்று வெட்டிவிடுதல் தவறு. அவையே செடியின் உணவுக்களஞ்சியம். தடித்த சிற்றிலைகளுடன் மரப்பட்டையில் ஊரும் பைரோசியாவும் இவ்வரிசைக்கு ஏற்றது. அதன் இலையிற் படிந்த நுண்மயிர்கள் வில்லையினூடே விண்மீன்கள்போலத் தோன்றும். மயிரடர்ந்த கிழங்கு சட்டிக்கு வெளியே முயலின் பாதம்போலத் தொங்கும் டவாலியாவும் அத்தகையது. இம்மூன்றின் கிழங்குகளையும் ஊடகத்துட் புதைத்தலாகாது. மேலே கிடத்திக் கட்டுதல் வேண்டும்.

நடுவரிசைக்கு நெப்ரோலெப்பிஸ் இனங்கள் உரியன. வாள்போன்று நீண்ட இலை ஒருமுறை பிரிந்து, இருபுறமும் சீறிலைகள் நெருங்கியிருக்கும். குவைமூடி பெரும்பாலும் சிறுநீரக வடிவானது. செடியிலிருந்து கம்பிபோன்ற ஓடிகள் புறப்பட்டுப் புதுச்செடிகளைத் தரும். வேர்களிடையே செதில் மூடிய சிறு உருண்டைக் கிழங்குகள் காணப்படின், அது நெப்ரோலெப்பிஸ் கோடிபோலியா ஆகும். அக்கிழங்குகளில் நீர் சேமிக்கப்படுவதால் சிறிது வறட்சியையும் அது தாங்கும். ஆயினும் கட்டின்றிப் பரவும் இயல்புடையதாகையால், காட்டோரத்து வீடுகளில் அதனை வெளியே எறிதலாகாது. கடைகளில் மிகுதியாய்க் கிடைக்கும் பொஸ்ரன் பன்னம் 1894 இல் அமெரிக்காவிலே செடிக்கூட்டமொன்றினிடையே தோன்றிய வேறுபாட்டிலிருந்து வந்தது. அது பயனுள்ள வித்திகளைத் தருவதில்லை, ஓடிகளாலேயே பெருக்கப்படும்.

குருவிக்கூட்டுப் பன்னமெனப்படும் அஸ்பிளேனியம் நைடஸ் நடுவரிசைக்கு அணியாகும். பிரிவற்ற பெரிய இலைகள் கிண்ணம்போல வட்டமாய் எழும். வித்திக்குவைகள் நடுநரம்பிலிருந்து சாய்வாய்ச் செல்லும் நீண்ட கோடுகளாய் அமையும். சிறு கன்றாய் வாங்குவது ஒரு மீற்றர் நீள இலைகளைத் தரக்கூடுமாதலால், நால்வர் இருக்கும் இடத்தில் இதனை ஒன்றாய் நடுதல் வேண்டும். மான்கொம்புப் பன்னமாகிய பிளாற்றிசேரியத்தைப் பலகையிற் கட்டிச் சுவரிற் பொருத்தலாம். அது நம் நாட்டுக்குரியதன்று. பலகையை மூடும் கேடய இலைகள் பழுப்பானாலும் அவற்றை அகற்றலாகாது.

அடிவரிசைக்கு அடியாந்தம் பொருந்தும். கருங்கம்பிபோற் பளபளக்கும் காம்பும், நீர் ஒட்டாத மென்சீறிலைகளும் அதன் அடையாளங்கள். சீறிலையின் ஓரம் பின்னோக்கி மடிந்து குவைகளை மூடியிருக்கும். இலையோரம் முழுவதும் குவை ஒரே கோடாய் ஓடுமாயின், அது தெரிஸ் இனமாகும். பழஞ்சுவர்களின் சுண்ணாம்புச் சாந்திலே முளைக்கும் தெரிஸ் விற்றாற்றா மண்ணிலுள்ள பாசாணத்தை உறிஞ்சித் தன் இலைகளிற் சேர்க்கும் ஆற்றலுடையதென 2001 இல் அறியப்பட்டது. ஆகையால், ஐயத்துக்குரிய நிலத்தில் வளர்ந்த அப்பன்னத்தைக் கூட்டெருவுக்கு இடுதல் கூடாது.

சுவர், ஊடகம், நீர்

கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய, காலையொளி மட்டும் படும் சுவரே சிறந்தது. பிற்பகல் வெயில் நேரே படும் மேற்குச் சுவரில் நிழல்வலையின்றிப் பன்னம் நில்லாது. யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றும் மட்டக்களப்புக் கச்சான் காற்றும் வெயிலினும் கொடியவை. அவை இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காற்று வரும் திசையில் ஓலைத்தட்டியொன்றை மறைவாய் நிறுத்துதல் நன்று.

சட்டகத்துக்கும் சுவருக்குமிடையே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, நீர்புகாத தகடொன்றை இடுதல் வேண்டும். இன்றேல் சுவர் ஊறிப் பூச்சு உதிரும். நனைந்த ஊடகத்தின் எடை பெரிது என்பதால், ஆணிகளும் தாங்கிகளும் உறுதியாயிருத்தல் அவசியம். விலையுயர்ந்த பைகள் வாங்க இயலாதோர் பொச்சுமட்டைகளையும் சிரட்டைகளையும் கம்பியிற் கோத்துத் தொங்கவிடலாம். வடிகாலுக்கெனத் துளையிடல் மட்டும் மறக்கலாகாது.

ஊடகத்துக்குத் தும்புச்சோறு இரண்டு பங்கும், மரக்கரித் துண்டுகள் ஒரு பங்கும், நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கும் கலத்தல் போதும். தும்புச்சோற்றில் உப்பிருக்கக்கூடுமாதலால் நன்னீரில் மும்முறை அலசிப் பிழிந்தபின்னரே பயன்படுத்த வேண்டும். வெறும் தோட்டமண் சுவருக்குப் பாரமாகும். வேரையும் அழுகச் செய்யும். வலிகாமத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் பல பன்னங்களுக்கு ஒவ்வாது, இலைநுனி கருகும். அங்கே மழைநீரைத் தேக்கிப் பயன்படுத்தலாம். அல்லது சுண்ணாம்பை விரும்பும் அடியாந்தம் கப்பிலஸ்-வெனெரிஸ், தெரிஸ் விற்றாற்றா போன்றவற்றையே தெரிந்து நடலாம். பெயரறிவின் பயன் இங்கும் தெளிவாகின்றது.

பசளை மிகக் குறைவாகவே வேண்டும். திரவப் பசளையைப் பெட்டியிற் குறித்த அளவின் நாலிலொரு பங்காய்க் கரைத்து, மாதம் இருமுறை இடுதல் சாலும். செதிற்பூச்சி தோன்றினால் மருந்தை நாடாது, ஈரப்பஞ்சினால் துடைத்தெடுத்து, மிகுதியாய்ப் பாதிக்கப்பட்ட இலையை வெட்டி அகற்றுக. நத்தைகளை இரவில் விளக்குடன் தேடிக் கையாற் பிடித்தழிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வடிந்த நீரை ஏந்தும் தட்டங்களில் நுளம்பு முட்டையிடும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதியப்பட்டதை எவரும் மறந்திலர். தட்டங்களை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம். அதனைச் செய்ய மனமில்லாதோர் சுவர்த்தோட்டம் வைக்காதிருத்தலே அயலாருக்கு நன்மை.

காடு நாற்றுமேடையன்று

"காட்டிலே பன்னம் எண்ணிலடங்காது கிடக்கின்றது, நான் ஒன்றைப் பிடுங்குவதால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவோம். ஒரு சதுர மீற்றர் சுவருக்கு 25 செடிகள் வேண்டுமெனக் கொண்டால், பத்துச் சதுர மீற்றர் கொண்ட ஒரு நடுத்தரச் சுவருக்கு 250 செடிகள் வேண்டும். பொருந்தாத செடிகள் கோடையில் மடிய, மறுமுறையும் அவ்வளவே. ஒரு தெருவில் இத்தகைய சுவர்கள் நான்கிருப்பின் ஒரு மலைச்சரிவு வெறுமையாகும்.

இலங்கையில் 300 இற்கு மேற்பட்ட பன்ன இனங்கள் உள்ளன. அவற்றுட் சில இந்நாட்டுக்கே உரியவை. சியாதியா சினுவாற்றா என்பது தாழ்நில மழைக்காட்டு மரப்பன்னம். ஏனைய மரப்பன்னங்களின் இலை பலவாய்ப் பிரிந்திருக்க, இதன் இலை மட்டும் பிரிவின்றி முழுமையாயிருக்கும், தண்டோ விரற்பருமனே. உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. பெயரறியாத ஒருவர் இதனைக் காணின், குருவிக்கூட்டுப் பன்னத்தின் கன்றெனக் கருதிப் பிடுங்கிவிடக்கூடும். ஐந்து ரூபாய்ச் செடியென்று அவர் எண்ணியது ஈடுசெய்ய இயலாத செல்வமாயிருக்கும்.

மரப்பன்னங்களின் அடிமரத்தை வெட்டிச் சாடியாகவும், ஓர்க்கிட்டு நடும் ஊடகமாகவும் விற்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. அம்மரங்கள் மிக மெதுவாகவே வளர்வன; முடியை வெட்டினால் பெரும்பாலும் மடிவன. சியாதியா இனங்களின் பன்னாட்டு வாணிபம் உலக ஒப்பந்தத்தினாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஒதுக்குக் காடுகளிலிருந்து அனுமதியின்றிச் செடிகளை எடுப்பதும் சட்டப்படி குற்றமாகும். பொச்சுத்துண்டும் மரக்கரியும் மலிவாய்க் கிடைக்கும் நம் நாட்டில் மரப்பன்னத்தை வெட்டுவதற்கு எந்நியாயமுமில்லை.

அன்றியும், காட்டிலிருந்து பிடுங்கிய செடி எளிதில் நிலைப்பதில்லை. மலைச்சரிவுகளில் அடர்ந்து வளர்வதும், சிங்கள மக்கள் கெக்கில்ல என வழங்குவதுமான பன்னத்தைத் தோண்டி வந்து நட்டுப் பார்த்தோர் அது சில வாரங்களிற் காய்வதைக் கண்டிருப்பர். வாங்கும்போது செடியைக் கூர்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். நாற்றுமேடைச் செடியின் வேர்கள் சட்டி நிறைந்திருக்கும். செடிகள் ஒரே அளவினவாயிருக்கும். புதுச்சுருள்கள் நடுவே எழுந்திருக்கும். காட்டுச் செடியிலோ மரப்பட்டையும் பாசியும் காட்டுமண்ணும் ஒட்டியிருக்கும்; பழைய இலைகள் கிழிந்தும் வெட்டுண்டும் காணப்படும்; சட்டியை அசைத்தால் செடி தளர்ந்தாடும்.

பெருக்கும் வகை

பிரித்து நடல் எளிய முறை. நெப்ரோலெப்பிஸின் ஓடிகளில் தோன்றும் கன்றுகளையும், டவாலியாக் கிழங்கின் நாலங்குலத் துண்டுகளையும், அடியாந்தத்தின் கொத்துகளையும் மாரிகாலத் தொடக்கத்திற் பிரித்து நடலாம். மான்கொம்புப் பன்னம் பக்கக்கன்றுகளைத் தரும்.

குருவிக்கூட்டுப் பன்னம் பக்கக்கன்று விடுவதில்லை. வித்தியாலேயே வீட்டிற் பெருக்கப்படும். அதனை அரிய வித்தையென்று அஞ்ச வேண்டியதில்லை. குவைகள் பழுப்பேறிய இலைத்துண்டொன்றை வெள்ளைத்தாளில் அடிப்புறம் கீழாக வைத்து, காற்றுப்படாது ஓரிரு நாள் விடுக. தாளின்மேல் மெல்லிய பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். அதுவே வித்தி, ஓரிலையிற் பல இலட்சம் இருக்கும். செங்கல்லொன்றைக் கொதிநீரில் அவித்து ஆறவிட்டு, கொதித்தாறிய நீருள்ள தட்டத்தில் நிறுத்தி, அதன்மேல் அத்தூளை மெல்லத் தூவிக் கண்ணாடிப் போத்தலாற் கவிழ்த்து மூடுக. வெயில்படாத ஒளியுள்ள யன்னலோரமே தக்க இடம். சில வாரங்களில் கல் பச்சை பூக்கும். பின்னர் நகத்தளவான இதயவடிவச் சிறு தகடுகள் தோன்றும். அக்காலத்தில் நுண்துளிகளாய் நீர் தெளித்தல் இன்றியமையாதது. தகட்டின் அடியிலுள்ள ஆணணுக்கள் நீரில் நீந்திச்சென்றே பெண்ணணுவைச் சேரும்; நீரின்றேல் கருக்கட்டலுமில்லை. சில மாதங்களில் முதற்சுருள் எழும். சுவரில் நடத்தக்க செடியாவதற்கு ஓராண்டுக்கு மேலாகலாம்.

"அத்துணைக் காலம் யார் காத்திருப்பர்?" எனக் கேட்கலாம். நெல்லுக்கு நான்கு மாதமும், தென்னைக்கு ஐந்தாறு ஆண்டும் காத்திருக்கும் மக்கள் நாம். ஒரு செங்கல்லிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகள் கிடைக்குமாயின், அது வீட்டுப் பெண்களுக்கும் பாடசாலைத் தோட்டக் கழகங்களுக்கும் ஏற்ற சிறுதொழிலாகவும் அமையும். நாற்றுமேடைக்காரர் இத்தொழிலை மேற்கொண்டால், காட்டுச் செடிக்கு வாங்குவோரே இல்லாது போவர்.

முடிவுரை

சட்டத்தினால் மட்டும் காட்டைக் காக்க முடியாது. காவலரில்லாத ஓடைக்கரைகள் பல. வாங்குவோரின் கையிலேயே அக்காவல் உள்ளது. ஆகவே, பன்னம் வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும் விற்பவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். "இதன் பெயர் யாது? இது எங்கே வளர்க்கப்பட்டது?" இவ்விரண்டுக்கும் விடை கூற இயலாத கடையிலே, செடி எத்துணை மலிவாயினும் வாங்காது திரும்புக. விற்பனையாளரும் சட்டிதோறும் பெயரையும் பெருக்கிய முறையையும் குறித்த சீட்டொன்றைக் குத்தி வைப்பாராயின், அவர்தம் வாணிபம் மதிப்புப் பெறும்.

வரும் மாரிக்கு முன் ஒரு செங்கல்லும் ஒரு கண்ணாடிப் போத்தலும் தேடி வையுங்கள். அயலவரிடமிருந்து வித்தி பழுத்த ஓரிலையைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் கையால் முளைத்த பன்னம் சுவரிலேறும் நாளில், அதன் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பொருட்டுக் காட்டிலே ஒரு செடியும் குறைந்திராது.